மகாராணியின் தொட்டிக்கு விளக்கு மாற்றிய கதை

என் சித்தி ஒரு பெரிய சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறாள். ஓட்டல் விரிப்புகள், மருத்துவமனை அங்கிகள், அக்கம்பக்கத்தாரின் சட்டைகள் எல்லாம் அங்கே வரும். கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட அறை. அதில் வரிசையாக மேசைகள். சுவரோரம் இருக்கும் முதல் மேசை சித்தியுடையது. பட்டா, பருத்தியா, நைலான் கலந்ததா என்று துணியைத் தொட்டே சொல்லிவிடுவாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு போதுமா என்று பார்க்க அதன் அடிப்பக்கத்துக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோவாள். பெட்டியில் இருக்கும் எண் வட்டத்தை அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எண் பொய் சொல்லும், கை சொல்லாது என்பது அவள் கட்சி.

சித்தப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பாளர். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு மாடி மாடியாக விளக்குகளை அணைத்துக் கதவைப் பூட்டுவதோடு அவருடைய வேலை முடியும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை நிற்காது. குளியலறையில் ஆள் இருக்கும்போதே வெளியிலிருந்து சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார். உள்ளேயிருந்து சத்தம் போட்டால், உள்ளே இருப்பதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று நம்மையே கேட்பார். சித்தி அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அமாவாசை'. அவர் இல்லாதபோது மட்டும் அல்ல, இருக்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் நான் இப்போது இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் இது கண்ணால் கண்ட கதை.

கூடத்தில் வாசற்கதவுக்கு எதிரே, இரும்புத் தாங்கியின் மேல் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. சலவைக்கு வந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் ஊர் மாறிப் போகும்போது சித்திக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மேலே மரத்தாலான மூடி. அந்த மூடிக்குள் இரண்டு டியூப் லைட்டுகள். தொட்டிக்குள் அகன்ற இலைச் செடிகளும் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்களும். ஏஞ்சல் மீன் பார்ப்பதற்குப் பட்டம் மாதிரி தட்டையாக இருக்கும். முதுகிலும் வயிற்றிலும் நீண்ட துடுப்புகள் வால் கட்டியதுபோல் தொங்கும். சித்தி அவற்றைப் பொத்தான் அளவில் வாங்கி வந்து வளர்த்தாள். பெண் மீனுக்கு 'மகாராணி' என்று பெயர். ஆண் மீன் 'மாப்பிள்ளை'. சாப்பாடு வரும்வரை மூலையில் விறைப்பாக நின்றுவிட்டு, வந்ததும் முதல் ஆளாகப் பாய்வதால் அந்தப் பெயர்.

மகாராணி முட்டையிட ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. அகன்ற இலை ஒன்றைத் தேர்ந்து, இரண்டுமாகச் சேர்ந்து அதைச் சுத்தம் செய்யும். அப்புறம் குண்டூசித் தலை அளவு முட்டைகளை வரிசை வரிசையாக ஒட்டிவைக்கும். மாலை முழுவதும் இரண்டும் மாறி மாறித் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் இலை கழுவித் துடைத்ததுபோல் வெறுமையாக இருக்கும். பெற்றதுகளே தின்றிருக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அன்றைக்குச் சித்தி யாரோடும் பேசாமல் வேலைக்குப் போவாள்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஒருநாள் கடையில் அவர் நேராகவே சொன்னார்.

"சில ஜோடி இப்படித்தான் அக்கா. ஆயுசுக்கும் திருந்தாது. என்கிட்ட கொடுத்துடுங்க, முட்டையைத் தனியா எடுத்துப் பொரிக்க வைக்க இங்க வசதி இருக்கு. பதிலுக்கு இந்தக் கடையில எந்த மீன் வேணுமோ அள்ளிக்கங்க."

சுற்றி நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சித்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை பாக்கறேன். அதுலயும் தின்னுச்சுன்னா நானே தூக்கிட்டு வந்து உங்க கையில தர்றேன்."

சித்தி வாக்குக் கொடுத்தால் தலை போனாலும் மாறமாட்டாள் என்று அவளை அறிந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்காக ஒருத்தி மானத்தை அடகு வெச்சிட்டு வந்திருக்கா, தெரியுமா?" என்று மகாராணியிடம் கேட்டாள். மகாராணி குமிழி விட்டது.

அந்தச் சமயத்தில்தான் டியூப் லைட் தகராறு செய்தது. ஒன்று எரியவே இல்லை. மற்றொன்று கண் சிமிட்டியது. மகாராணிக்குப் பிடித்த அகன்ற இலைச் செடி வேறு மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அந்த இலை போனால் முட்டையிட இடம் இல்லை. எல்.இ.டி.க்கு மாறுவதா, பழையபடி டியூப்பே போடுவதா என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்தது. அதோடு சண்டையும் நுழைந்தது.

சித்தி எதையும் துணி பிரிப்பதுபோல்தான் யோசிப்பாள். நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம். எல்.இ.டி. என்றால் கரண்ட் குறைவாக இழுக்கும், பல வருஷம் உழைக்கும், செடிக்கு நல்லது, வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். இதெல்லாம் ஒரு குவியல். விலை அதிகம். உள்ளே ஏதாவது போனால் முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டும். டியூப் என்றால் தெருமுனைக் கடையில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். வெளிச்சம் அதிகமானால் பாசி பிடிக்கும் என்று வேறு யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். இதெல்லாம் இன்னொரு குவியல். அவளோடு வேலை செய்யும் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி தன் அண்ணன் வீட்டில் எல்.இ.டி. மாட்டியதும் தொட்டி கீரைத்தோட்டம் ஆகிவிட்டது என்றாள். இன்னொருத்தி அந்தக் கீரையையாவது சமைத்தார்களா என்று கேட்டாள்.

சித்தப்பா டியூப் கட்சியாக இருந்தவர், குறைவாகக் கரண்ட் இழுக்கும் என்ற ஒரே வார்த்தையில் கட்சி மாறினார். விளக்கு வாங்கி வந்ததும் பழைய டியூப்புகளையும் அவற்றின் கனமான சோக்குப் பெட்டிகளையும் கழற்றிவிட்டு, அதே மூடிக்குள் புது விளக்கைத் தன் கையாலேயே மாட்டினார்.

முதல் நாள் முழு வெளிச்சத்தையும் திருப்பிவிட்டார்கள். கூடமே கல்யாண வீடுபோல் ஆனது. மீன்கள் இரண்டும் வடிகட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. கொஞ்ச நாளில் கண்ணாடியெல்லாம் பச்சைப் படலம். செடி தேறியதோ இல்லையோ, பாசி கொழுத்தது. கீரைத்தோட்டக்காரி சொன்னது சரிதான் என்று சித்தி ஒப்புக்கொண்டாள். ஆனால் பின்வாங்கவில்லை. திருகைப் பாதிக்குக் குறைத்தாள். விளக்கு எரியும் நேரத்தையும் சுருக்கினாள். சட்டை மடிப்புக்குள் வைக்கும் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டியே பாசியை ஒழித்தாள். மஞ்சளாகியிருந்த செடியில் பச்சை இலை ஒன்று சுருள் விரித்தது.

சித்தப்பாவுக்கு வேறொன்று பிடித்துப்போயிற்று. முன்பெல்லாம் மூடியைத் தொட்டால் சுடும். இப்போது ஜில்லென்று இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்து மூடியின் மேல் வைப்பார். "தொட்டுப் பாருங்க. சூடே இல்ல. சூடு இல்லைன்னா என்ன அர்த்தம்? கரண்ட் வீணாகலைன்னு அர்த்தம்." தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வானம் மூடிக்கொண்டு மழைக்காலம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தியது. மகாராணி துடுப்புகளை மடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. பிறகு அதன் வாலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

எல்லாரும் விளக்கின் மேல் பழியைப் போட்டார்கள். இந்த வெளிச்சம் மீனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டியூப்பையே திரும்ப மாட்டு என்றார்கள். கடைக்காரர் மட்டும் தண்ணீரின் சூடு எவ்வளவு என்று கேட்டார். தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து நீட்டவும் செய்தார். சித்தி வாங்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் தண்ணீரில் கைவைத்துத்தான் பார்ப்பதாகவும், எப்போதும்போல்தான் இருப்பதாகவும் சொன்னாள். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நான் கைவைத்துப் பார்த்தபோது தண்ணீர் குளிர்ந்துதான் இருந்தது. சொன்னேன். "உனக்கு எல்லாமே ஜில்லுன்னுதான் இருக்கும், போர்வையை விட்டு வெளிய வந்தாத்தானே" என்று சித்தி என் வாயை அடைத்துவிட்டாள்.

அவளுடைய விடுமுறை நாள் வந்தது. அன்றைக்குக் காலையில் எழுந்து முகம் கழுவிவிட்டு, மீன்களைப் பார்க்கலாம் என்று மூடியைத் திறந்து தண்ணீருக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டாள். ஈரக் கையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு மறுபடியும் விட்டாள்.

"ஏன் இவ்வளவு குளிருது?"

பதிலையும் அவளே சொன்னாள். நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடும் ஆவியோடும் கிடந்த கை. அந்தக் கையை அப்படியே கொண்டுவந்து தண்ணீரில் வைத்தால், வெதுவெதுப்பான தண்ணீரும் குளிர்ச்சியாகத்தான் தெரியும், குளிர்ந்த தண்ணீரும் அப்படியேதான் தெரியும். துணிக்கு அந்தக் கை போதும். மீனுக்குப் போதாது. இத்தனை நாளும் அவள் தண்ணீரின் சூட்டைப் பார்க்கவில்லை, தன் கையின் சூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே போய் அந்தத் தெர்மாமீட்டரை வாங்கி வந்தாள். கடைக்காரர் சிரிக்கவில்லை என்பதால் அவர்மேல் அவளுக்கு மரியாதை கூடியது. கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தோம். ஏஞ்சல் மீனுக்கு வேண்டிய சூட்டைவிட அளவு வெகுவாகக் கீழே நின்றது.

இப்போது மூடியைத் தொட்டுப் பார்த்தது சித்தி.

"நாம அந்த டியூப் லைட்டு வெளிச்சம் மட்டும் தர்றதா நெனச்சோம். அது சத்தமில்லாம அடுப்பு வேலையும் பாத்திருக்கு. வேலைக்காரியை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் அவ எத்தனை வேலை பாத்தான்னு தெரியுது."

தண்ணீரைச் சூடாக வைக்க ஒரு ஹீட்டர் வேண்டும் என்றாள். சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். விளக்கில் மிச்சம் பிடித்ததை ஹீட்டரில் கொட்டப்போகிறாள், இதற்குப் பழைய டியூப்பே இருந்திருக்கலாம் என்று புலம்பினார். கடையில் விசாரித்தபோது அவர் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. ஹீட்டர் கரண்ட் இழுக்கும். ஆனால் தண்ணீர் குளிர்ந்தால் மட்டும் எரிந்து, சூடானதும் தானே நின்றுவிடும். வெயில் காலத்தில் அதற்கு வேலையே இருக்காது. டியூப் லைட்டோ வெயில் காலத்திலும் சேர்த்துச் சுட்டுக்கொண்டிருக்கும். அதோடு டியூப் எரியும் பகலில் தண்ணீர் சூடாகி, அணைத்த பிறகு ஆறிவிடும். ஹீட்டர் எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்கும். மொத்தத்தில் கொஞ்சம்தான் மிச்சம், பெரிய மிச்சம் இல்லை. சித்தி அதை ஒத்துக்கொண்டாள்.

"மிச்சத்துக்காக இல்ல. என் மீனுக்காக. யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா?"

"யானையாவது தும்பிக்கையால ஆசீர்வாதம் பண்ணும்" என்றார் சித்தப்பா. ஆனால் ஹீட்டரைத் தொட்டிக்குள் கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்தியது அவர்தான்.

மருந்தும் சூடும் சேர்ந்து வேலை செய்தன. புள்ளிகள் உதிர்ந்தன. மாப்பிள்ளை மறுபடியும் சாப்பாட்டுக்குப் பாய்ந்தது. மகாராணி புது இலை ஒன்றைத் துடைக்க ஆரம்பித்ததைப் பார்த்ததும் சித்தியின் முகம் மாறியது. சந்தோஷம் பாதி, கலக்கம் பாதி. அந்த 'ஒரே ஒரு தடவை' வந்துகொண்டிருந்தது. இதுவும் போனால் ஜோடி கடைக்காரருக்கு.

முட்டையிடுவதற்கு முதல் நாள் சலவை நிலையத்தில் கரண்ட் போனது. இதைச் சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். பட்டப்பகல்தான். ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் ஒரு நொடியில் கண்ணைக் கட்டியதுபோல் ஆகிவிட்டது. சித்தியின் கையில் கொதிக்கும் பெட்டி. எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் யார் கை இருக்கிறதோ என்ற பயத்தில் அதைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். யாரோ பதறிப் பின்னால் நகர்ந்ததில் மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளோடு தள்ளுவண்டி கவிழ்ந்தது. யாரோ அந்த வெள்ளை விரிப்புகளின் மேலேயே நடந்தார்கள். அவரவர் காலையிலிருந்து பார்த்த வேலையை அவரவரே மிதித்து நாசமாக்கினார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். தொட்டியைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க தினமும் தூங்கப் போறப்ப இந்த லைட்டை எப்படி அணைப்பீங்க?"

எப்படி என்றால், சுவிட்சைத் தட்டித்தான் என்றார் சித்தப்பா. சமையலறை, கூடம், தொட்டி, எல்லாம் வரிசையாக, டக் டக் டக் என்று. இத்தனை வருஷப் பழக்கம்.

சித்தி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அதுகளுக்குத் தினமும் கரண்ட் போயிருக்கிறது என்றாள். முட்டைக்குக் காவல் நிற்கும்போது ஒரு நொடியில் இருட்டு. முட்டை எங்கே, எதிரி எங்கே, பக்கத்தில் இருப்பது புருஷனா வேறு யாராவதா என்று ஒன்றும் தெரியாமல் அதுகள் மிரண்டிருக்கும். மிரண்டுபோன மீன் முட்டையை வேறு யாருக்கும் விடாமல் தானே விழுங்கிவிடும் என்று கடைக்காரர் என்றோ சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொல்வது சரியாக இருக்குமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் நிச்சயமில்லை. ஆனால் இருக்கும் ஒரே தடவையை அதில்தான் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

இனிமேல் தொட்டி சுவிட்சை யாரும் தொடக்கூடாது. மாலையில் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கடைசியில் மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சத்தை விடியும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும். டியூப் லைட்டில் இது நடக்காது. அது எரியும், இல்லையென்றால் அணையும். எல்.இ.டி.யில்தான் முடியும். விலை, கரண்ட், உழைப்பு என்று நல்லதும் கெட்டதும் பிரித்துப் போட்டபோது இந்தத் திருகை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

சித்தப்பாவுக்கு இது பெரிய அடி. விளக்கை எரியவிட்டுத் தூங்கும் வீடு உருப்படாது என்றார். ஒரு கட்டடத்தையே அணைத்துவிட்டு வருகிறவன் வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெரிந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்றார்.

சித்தி குரலை உயர்த்தவில்லை.

"உங்க ஆபீசுல எல்லா மாடியையும் ஒரே சுவிட்சுலயா அணைக்கிறீங்க?"

"இல்ல. மேல் மாடியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா."

"படிக்கட்டு லைட்டு?"

"அதைக் கடைசியாத்தான் அணைக்கணும். நான் எறங்க வேண்டாமா? உருண்டு விழுந்தா யாரு பாக்கறது?"

"நீங்க எறங்கறதுக்கு ஒரு லைட்டு வேணும். அதுங்க பிள்ளையைப் பாத்துக்கறதுக்கு ஒரு லைட்டு வேண்டாமா?"

சித்தப்பா எழுந்துபோய்த் தன் கருவிப் பெட்டியிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துவந்து, தொட்டி சுவிட்சின் மேல் குறுக்கே இரண்டு துண்டு ஒட்டினார். "எனக்காகத்தான். பழக்கத்துல கை போயிடும்" என்றார்.

மறுநாள் மாலை மகாராணி முட்டையிட்டது. சாப்பிடும்போதும் நடக்கும்போதும் அன்று எல்லாரும் சத்தம் காட்டாமல் இருந்தோம். திருகைத் திருப்பும் வேலையைச் சித்தப்பாவே எடுத்துக்கொண்டார். குனிந்து நின்று, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு, விரல் நுனியால் ஒரு பொட்டு திருப்புவார். போய் உட்காருவார். மறுபடி எழுந்து வந்து இன்னொரு பொட்டு. தொட்டிக்குள் சாயங்காலம் மெல்ல இறங்கியது. கடைசியில் இலையின் விளிம்பும் அதன் பக்கத்தில் இரண்டு நிழல்களும் மட்டும் தெரிந்தன. அந்த நிழல்கள் விசிறிக்கொண்டிருந்தன.

காலையில் சித்திக்குத் தொட்டியைப் பார்க்கத் துணிவு வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான்தான் பார்த்தேன். கூப்பிட்டேன். அவள் கையில் இருந்த பாத்திரத்தோடு வந்தாள்.

முட்டைகள் இருந்தன. எல்லாம் இல்லை. சில வெள்ளையாகி வீணாகியிருந்தன. மாப்பிள்ளை அவற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தது. மற்றவை கண்ணாடித் துளிபோல் இலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. சித்தி பாத்திரத்தைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினாள்.

அடுத்து வந்த நாட்களில் முட்டைகளிலிருந்து வால்கள் முளைத்து இலையிலேயே துடித்தன. பிறகு ஒரு காலையில் ஊசிமுனை அளவு குஞ்சுகள் கூட்டமாக நீந்த, மகாராணி முன்னாலும் மாப்பிள்ளை பின்னாலும் காவல் போயின. ஒரு குஞ்சு விலகிப் போனால் மாப்பிள்ளை அதை வாயில் கவ்வி வந்து கூட்டத்தில் துப்பியது. முதல் தடவை அதைப் பார்த்தபோது சித்தி தின்றுவிட்டது என்று நினைத்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

கடைக்காரரே வீட்டுக்கு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டு, ஜோடி இனி சித்தியுடையதுதான், அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார். வளர்ந்ததும் குஞ்சுகளில் கொஞ்சம் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். எல்.இ.டி. நல்லதா என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் இனி என்ன சொல்வது என்றும் கேட்டார்.

"மாத்துங்கன்னு சொல்லுங்க. ஆனா பழைய லைட்டு வேற என்னென்ன வேலை பாத்துதுன்னு பாத்துட்டு மாத்தச் சொல்லுங்க. தெர்மாமீட்டரும் சேர்த்து வித்துடுங்க. கையை நம்ப வேண்டாம்."

குஞ்சுகளைத் தருவதாகச் சொன்னாள். ஆனால் இப்போது இல்லை. இவை வளர இந்தத் தொட்டி போதாது, இன்னொன்று வேண்டும், அதையும் இந்தக் கூடத்திலேயே போடலாம், நாற்காலிகளை வெளியே எடுத்துவிட்டால் இடம் வரும் என்று கையால் சுவரை அளக்க ஆரம்பித்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சித்தப்பா அதைக் கேட்டுக்கொண்டே சமையலறை விளக்கை அணைத்தார். நான் படித்துக்கொண்டிருந்த விளக்கையும் அணைத்தார். பிறகு தொட்டிக்கு அருகே வந்து குனிந்தார்.

"இன்னொரு தொட்டின்னா, இன்னொரு திருகு" என்றார். ஒரு பொட்டு திருப்பினார்.